கை தூக்காத ஊரில் நான்கு நாள்

பீட்டருக்கும் ஜெயாவுக்கும் அப்பா எழுதுவது.

திண்டுக்கல்லில் என்ன நடந்தது என்று சோறு தின்னும்போது ஒரு கேள்வி, பல் விளக்கும்போது ஒரு கேள்வி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் கடையில் மிஞ்சிய பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டேன். அருள் மாமா என்னோடு கப்பலில் வந்தாரா இல்லையா என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் தெரியாத மாதிரியே படித்துக்கொண்டு வாருங்கள். ஹிந்தி பள்ளிக்கூடத்தில் படிக்கிற நீங்கள் இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். அதுவும் நல்லதுதான்.

கப்பலில் நான் வாந்தி எடுத்ததையும் ரயிலில் ஒரு செருப்பைத் தொலைத்ததையும் விட்டுவிடுகிறேன். அவை எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு நடப்பவை.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் மாமா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "அக்கா, நான் இப்போது ராப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று அதில் ஒரு வரி. அம்மா அதை ஏதோ வியாதி என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையனிடம் கேட்டேன். தாளத்தைப் போட்டுவிட்டு அதன் மேல் வேகமாகப் பேசுவதுதான் ராப் என்றான். அதை அப்படியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "வேகமாப் பேசுறதுக்கு எதுக்குத் திண்டுக்கல்ல இருக்கணும்? போர்ட் பிளேருக்கு வந்து பேசட்டும்" என்றாள் அம்மா. எங்கள் கடை ஸ்டோருக்கு இன்னொரு ஆள் தேவை என்று முதலாளியும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, போகும்போது ஒருவர், திரும்பும்போது இருவர் என்று முடிவாயிற்று. திரும்பும் கப்பலுக்கான இரண்டு டிக்கெட்டையும் அம்மா என் பனியனுக்குள் ஒரு பை தைத்து அதில் போட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் காற்றைத் தேடினேன். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், காற்று தானாக வரும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டைப் பாறை தெரிகிறது. அது வெயிலை வாங்கி வட்டி போட்டு நம் மேல் திருப்பி விடுகிறது.

மாமா இருப்பது பேகம்பூரில். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ்ஸுக்குள் ஒரு குரல் படபடவென்று பேசிக்கொண்டிருந்தது. நம் துறைமுகத்தில் மூன்று மொழியில் கப்பல் நேரம் சொல்வார்களே, அந்த மூன்றையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஏதோ அவசர அறிவிப்பு, பிள்ளை காணாமல் போயிருக்கும், அங்க அடையாளம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கண்டக்டர் தோல் பையில் தாளம் தட்டியபடியே என்னிடம் வந்தார்.

"அண்ணே, பேகம்பூர் தாண்டி மூணு ஸ்டாப் ஆச்சு. பாட்டுல லயிச்சுப் போனீகளோ?"

"பாட்டா, எங்கே?" என்று கேட்டேன். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது.

"இதான் பாட்டு. நம்ம அருள் பாடுனது. அவரும் பேகம்பூருதான்."

இப்படித்தான் ஆறு வருடம் கழித்து என் மச்சினன் குரலை ஒரு டவுன் பஸ்ஸில் கேட்டேன், அது அவர் குரல் என்று தெரியாமலே. அருள் வீட்டுக்கு வந்த ஆள் என்று சொன்னதும் கண்டக்டர் எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, டிக்கெட் கேட்காமல் என்னை அதில் ஏற்றிவிட்டார். அந்த பஸ்ஸிலும் அதே கேசட்தான் ஓடியது.

மாமா ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தார். கடையும் வீடும் ஜமால் பாயுடையவை. மாமா போட்டிருந்த சட்டைக்குள் இன்னொரு ஆளும் தாராளமாக இருக்கலாம். அம்மா பார்த்திருந்தால் அன்றைக்கே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருப்பாள். வீட்டுக்குள்ளேயும் தலையில் தொப்பி.

"வாங்க மச்சான். அக்கா, பிள்ளைக எல்லாம் சொகமா இருக்காகளா?" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். பெட்டி கனமில்லாமல் இருந்ததைப் பார்த்ததும் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நீண்ட நாள் தங்க வந்தவன் அப்படி ஒரு பெட்டியோடு வர மாட்டான்.

மாமாவுக்கு வேலை என்று ஒன்று இருந்தது. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஜவுளிக்கடை தள்ளுபடி, குடிநீர் வராத நாள், சர்க்கஸ் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவது. அந்த மைக்கில்தான் பேச்சு வேகமாகி வேகமாகிப் பாட்டாகிவிட்டதாம். தானே எழுதி, தானே ஒரு கேசட்டில் பதிந்து, அதைப் பிரதி எடுத்து டவுன் பஸ் டிரைவர்கள், டீக்கடைகள், டியூஷன் சென்டர்கள் என்று கொடுத்து வைத்திருக்கிறார். கம்பெனி எதுவும் கிடையாது. பின்னால் ஆள் யாரும் கிடையாது.

ஜமால் பாய் கீழே இருந்து டீயோடு வந்து என்னிடம் முறையிட்டார். "உங்க மச்சினன் தொல்ல தாங்கலீங்க. பகலெல்லாம் 'திரும்ப எழுது, திரும்ப எழுது'ன்னு ஒரே சத்தம். எங்க வீட்டுக் குக்கர்கூட இப்ப அந்தத் தாளத்துலதான் விசில் அடிக்கிது." சொல்லும்போதே அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பின்னாலேயே அவர் மனைவி பிஸ்கட் தட்டோடு வந்து நின்றார். பாயிடம் உருதுவில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியாது என்று அவருக்கு எண்ணம். அந்தமானில் ஹிந்தியிலேயே இருபது வருடம் ஓட்டியவன் நான். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: "இந்த ஆளு நம்ம பையனக் கப்பல்ல ஏத்தத்தான் வந்திருக்காரு. மூஞ்சியப் பாருங்க, வெள்ளிக்கிழமை சாத்துன கடை மாதிரி." நான் பிஸ்கட்டை எடுத்து ஒன்றும் தெரியாதவன் போல டீயில் நனைத்தேன். அது உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

டீ முடிந்ததும் விஷயத்தை எடுத்தேன். இரண்டு டிக்கெட் இருப்பதையும், ஸ்டோர் வேலையையும், அம்மாவின் கவலையையும் சொன்னேன். மாமா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு பேசினார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம செம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு ஊர்ல அந்தோணியார் திருவிழா. பங்குச் சாமியார் எனக்குப் பதினஞ்சு நிமிசம் குடுத்துருக்காரு. கேசட்டு இல்லாம, ஆட்டோ இல்லாம, சனத்து முன்னால நான் நிக்கிறது இதான் மொதத் தடவ. கையத் தூக்குங்கன்னு சொல்லுவேன். பத்துக் கை மேல போச்சுன்னா நீங்க தனியாக் கப்பல் ஏறுங்க. போகலைன்னா நான் பெட்டியக் கட்டிட்டு வாரேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

ராப்காரர்களுக்குக் கூட்டம் கை தூக்குவதுதான் சான்றிதழாம். டி.வி.யில் பார்த்திருக்கிறாராம். பத்துக் கை என்ன பெரிய விஷயம், ஐந்து பேர் சோம்பல் முறித்தாலே பத்துக் கை ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பந்தயத்தை அவரே போட்டதால் சரி என்றேன்.

பாட்டு எதைப் பற்றி என்று அப்போதுதான் கேட்டேன். மாமா நிதானமாகச் சொல்லிக் காட்டினார்.

"கணக்குல பெயிலு, கதவுக்கா பூட்டு?
கலங்காம உக்காரு, பேனாவ நீட்டு.
மார்க்குதான் போச்சு, மானமா போச்சு?
மறுபடி எழுதுன்னு மனசோட பேச்சு.
திரும்ப எழுது, திரும்ப எழுது."

பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று முறை பெயிலாகி, நான்காவது முறை பாஸானவர் உங்கள் மாமா. அதைத்தான் ஊரெல்லாம் பாடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெயிலானதைப் போய் யாராவது மைக்கில் சொல்வார்களா, குடும்பத்துக்கு மரியாதை வேண்டாமா என்று கேட்டேன்.

"எல்லாரும் அத மறைக்கிறதுனாலதான் மச்சான், பிள்ளைக ரிசல்ட்டு அன்னைக்கு வீட்ட விட்டு ஓடுதுக" என்றார்.

வெயில் அதிகமாக இருக்கிறது, ஃபேனைக் கூட்டி வை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கே பிரியாணி. அந்த ஊரில் அதுதான் வழக்கமாம். சீரகச் சம்பா அரிசி, பேருக்கேற்ப சீரகம் அளவுக்குப் பொடியாக இருக்கிறது. ஒரு பருக்கை மேல் இன்னொரு பருக்கை ஒட்டவில்லை. நம் ஊரில் மீன் தின்று தின்று மரத்துப்போன நாக்குக்கு அன்றைக்குப் பண்டிகை. ஒரே ஒரு சங்கடம். அங்கே நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் இடம் பிடித்து நின்றுவிடுகிறார். என் பின்னால் நின்றவர் நான் எலும்பு கடிப்பதைச் செத்த நேரம் பார்த்தார், பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: "அண்ணே, அதுல ஒண்ணும் இல்ல. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்." எலும்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அங்கிருந்து பூ மார்க்கெட்டுக்குப் போனோம். ஒரு கமிஷன் கடையில் கேசட் கொடுக்க மாமா உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். என்னைச் சுற்றி மூட்டை மூட்டையாகப் பூ. ஒருவர் உயரமாக ஏறி நின்று ராகம் போட்டு என்னவோ கூவிக்கொண்டிருந்தார். மாமா கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வருவது தெரிந்தது. இங்கே இருக்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

"வெள்ளச் சட்டைக்கு முடிஞ்சுது" என்றார் உயரத்தில் நின்றவர்.

முடிந்தது என்னவென்றால் ஒரு மூட்டை கோழிக்கொண்டைப் பூ. நடந்துகொண்டிருந்தது ஏலம். எனக்குப் பூ வேண்டாம், மச்சினனைத்தான் கூப்பிட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. பக்கத்தில் வந்து, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அண்ணே, எங்க ஊர்ப் பக்கம் கை மேல போனாப் பேச்சு முடிஞ்சுது. ஏலம் நடக்குற எடத்துல நாங்க தலைகூடச் சொறிய மாட்டோம். அடுத்தவாட்டி ஆளக் கூப்புடணும்னா வாயத் தொறந்து கூப்புடுங்க."

மாமா சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் திண்டுக்கல்லில் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பூவை என்ன செய்வது? பாய் வீட்டுக்குக் கொஞ்சம், பக்கத்து வீடுகளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். அப்படியும் முக்கால் மூட்டை மிச்சம். ஆட்டோ ஓட்டுகிற மாரி ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கிறது, பூவை வண்டியில் கட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து கோத்தோம். முன்னால், பின்னால், கூரையைச் சுற்றி, ஸ்பீக்கர் குழாயைச் சுற்றி என்று ஆட்டோ முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

சனிக்கிழமை அந்த ஆட்டோவில் செம்பட்டி ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, கத்தரித் தோட்டம், மக்காச்சோளம். தென்னை மரத்தைப் பார்த்ததும் எனக்கு வீட்டு நினைப்பு வந்தது. ஆனால் நம் ஊர்த் தென்னை கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். இவை எதையும் பார்க்காமல் நேராக நிற்கின்றன. மாமா ஜவுளிக்கடையைப் பற்றி நான்கு வரி சொல்வார், பிறகு ஒரு பாட்டு, மறுபடி நான்கு வரி. ஒரு ஊர் டீக்கடையை நெருங்கும்போது, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார். உங்கள் மாமாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போது ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, "யாருப்பா, எந்த ஊரு, என்னைக்கு எறந்தாக?" என்று கேட்டார்.

பூ கட்டிய வண்டி மெதுவாக வந்தால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? போதாக்குறைக்கு அந்த நேரம் ஸ்பீக்கரில் மாமாவின் இன்னொரு பாட்டு: "எந்திரி எந்திரி, படுத்தது போதும்." துண்டை அவிழ்த்த பெரியவர் அதைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டே சொன்னார், "செத்தவன எந்திரிக்கச் சொல்லுற பாட்ட இன்னைக்குத்தேன் கேக்குறேன்."

அடுத்த ஊர் வருவதற்குள் பூவை எல்லாம் பிய்த்து எறிந்தோம்.

மதியம் செம்பட்டியில் ஒரு பரோட்டாக் கடை. வெஞ்சனமாகக் கொத்துக்கறி. கல்லாவில் இருந்தவர் மாமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பு, ரிசல்ட்டு வந்த அன்னைக்கு எங்க பாப்பா ரூமப் பூட்டிக்கிட்டு வெளிய வரல. நானும் எம்புட்டோ கெஞ்சுனேன். கடைசியில ஒன் கேசட்டக் கதவுகிட்ட வச்சு சத்தமாப் போட்டேன். எனக்கு ஒரு எழவும் புரியல. உள்ள பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. செத்த நேரத்துல கதவு தொறந்துருச்சு, மூணு பரோட்டா தின்னுச்சு. இப்ப செப்டம்பர் பரிச்சைக்குப் படிக்கிது."

எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றைக்கு மீதி நேரம் மாமா மைக்கைத் தொடவே இல்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக்கூட மாரிதான் சொல்ல வேண்டியிருந்தது. என் பனியனுக்குள் இருந்த இரண்டு டிக்கெட்டும் வியர்வையில் ஒட்டிக்கொண்டு குத்தின.

ஞாயிற்றுக்கிழமை. திருவிழா ஊருக்குள் நுழையும்போதே பூசை முடிந்திருந்தது. கோவில் வாசலில் பந்தல், மேடை, மைக் செட். பின்னால் பெரிய பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறியும் வெந்துகொண்டிருந்தன. கூட்டம் நன்றாக இருந்தது, முந்நூறு பேராவது இருப்பார்கள். பத்துக் கைக்குக் குறைவே இல்லை, நான் தனியாகத்தான் ஊர் திரும்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்த உடனே மாமா பாட வேண்டியது. ஆனால் மேடையில் நின்ற உபதேசியார், அதாவது சாமியார் இல்லாத நாளில் ஊருக்கு ஜெபம் சொல்கிறவர், ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் காணிக்கைப் பொருளைத் தள்ளிவிட வேண்டும் என்றார். ஜனங்கள் அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட ஆடு, கோழி, தேங்காய், பூசணிக்காய் எல்லாவற்றையும் அதே மேடையில், அதே மைக்கில், அவர்தான் விற்றார். ஆடுகள் முடிந்தன. அடுத்தது சேவல்கள். அப்போது பங்குச் சாமியார் கடிகாரத்தைக் காட்டினார். உபதேசியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு நோட்டை மூடாமலேயே ஓரமாக நகர்ந்து, "கப்பல்ல வந்தவுக நீங்கதான?" என்று கேட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சேவல்கள் மேடைக் காலில் கட்டியபடியே இருந்தன. மாமா மேலே ஏறினார்.

மாரி டேப்பில் தாளத்தைப் போட்டார். மாமா தொடங்கினார். சேவல் ஒன்று நடுநடுவே கூவியது, தாளத்தில்தான் கூவியது என்று மாரி பின்னால் சொன்னார். ஜனங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. கிழவர்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிகளைக் கூடவே சொன்னார்கள். பார்த்த இடமெல்லாம் கால் பெருவிரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. மாமா முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் கையத் தூக்குங்க" என்றார்.

பெருவிரல்கள்கூட நின்றுவிட்டன. முந்நூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் கையை அக்குளில் செருகினார். ஒரு அம்மாள் தன் கணவரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையைத் தாய்மார்கள் மடியில் அமுக்கிவிட்டார்கள்.

மாமா இன்னும் சத்தமாகச் சொன்னார். "கைய மேல தூக்குங்க, வெக்கப்படாதீக." ஒன்றும் நடக்கவில்லை. சேவல் மட்டும் இறக்கையை அடித்தது.

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். வந்த காரியம் முடிந்தது என்று தோன்றியது. பெட்டி, ரயில், கப்பல் எல்லாம் கண் முன்னால் ஓடின. அம்மாவின் முகம்கூடத் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் கை இரண்டும் பேன்ட் பைக்குள் இருந்தன. வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கேதான் இருந்தன. பக்கத்தில் நின்ற உபதேசியாரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடவில்லை.

"யாரும் தூக்க மாட்டாக" என்றார் மெதுவாக. "போன வருசம் ஒருத்தர் கொசு அடிக்கப் போயி ரெண்டு கெடா எடுத்தாரு."

ஆக, பாட்டு தோற்கவில்லை. முடியாத சேவல் ஏலம்தான் குறுக்கே நிற்கிறது. இது எனக்குத் தெரிந்துவிட்டது, மேடையில் நிற்கிறவருக்குத் தெரியவில்லை. நான் பேசாமல் நின்றால் போதும், டிக்கெட் இரண்டும் வீண் போகாது. நின்றேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றேன்.

மாமா கையைக் காட்டித் தாளத்தை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றினார். ராப் எல்லாம் இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

"சரி, பாட்ட விடுங்க. நான் பத்தாவதுல மூணு தடவ பெயிலு. இங்க என்னைய மாதிரி பெயிலானவுக யாராச்சும் இருக்கீகளா? ஒருத்தர் இருந்தாலும் போதும், கையக் காட்டுங்க. நான் எறங்கிப் போயிருறேன்."

ஒரு கைகூட மேலே போகவில்லை. சேவல் பயம் பாதி, வெட்கம் பாதி. மாமா பந்தலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பார்வை என் பக்கம் வருவதற்குள் என் வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன். அது போயிற்று.

"சேவல், கப்பல்காரர், ஒரு தரம்" என்றார் உபதேசியார், பழக்கத்தில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை இறக்கவில்லை. கோழிக்கொண்டைக்கே பழகியவனுக்குக் கோழி என்ன.

"ரெண்டு தரம்" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். "நானும் பெயிலுதான்ப்பா. தமிழ்ல" என்றார்.

பந்தலே சிரிப்பில் குலுங்கியது. வாரா வாரம் அவர்களுக்கு வேதாகமம் வாசிக்கிறவர் அவர். முதல் வரிசையில் ஊர்த் தலைவர் கை போனது. பால் சொசைட்டிக்காரர் கை போனது. கணவர் கையைப் பிடித்திருந்த அம்மாள் தன் கையைத் தூக்கிவிட்டு, பிறகு நினைவு வந்து அவர் கையையும் சேர்த்துத் தூக்கினார். பத்தாவது வரைக்கும் போகவே இல்லையே, நாங்கள் தூக்கலாமா என்று ஒரு மூலையிலிருந்து கேட்டார்கள். தூக்கலாம் என்றார் உபதேசியார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மாரி தாளத்தைப் போட்டார். மாமா புதிதாக ஒன்று பாடினார், அது கேசட்டில் கிடையாது.

"ஒரு தரம் பெயிலா?" என்றார். "திரும்ப எழுது" என்றது கூட்டம்.

"ரெண்டு தரம் பெயிலா?"

"திரும்ப எழுது."

மூன்றாம் தரத்துக்கு அண்டாப் பக்கம் நின்ற சமையல்காரர்கள்கூடக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். ஆட்டுக்கறி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. சாப்பிடும்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

முந்நூறு பேர் கை தூக்கியதால் அந்தச் சேவல் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல உபதேசியாரால் முடியவில்லை. கடைசியில் முதல் கை யாருடையது என்று பார்த்து என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்கு உண்டானதை உண்டியலில் போட்டேன்.

பந்தியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேவல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எனக்காகத்தான மச்சான் கையத் தூக்குனீக? பந்தயத்துல நீங்களே தோக்கணும்னு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்திருப்பார்.

"இல்ல மாப்ள" என்றேன். "கணக்கு. முப்பத்தொண்ணு மார்க்கு. திரும்ப எழுதவே இல்ல."

மாமா தன் இலையில் இருந்த பெரிய கறித்துண்டை எடுத்து என் இலையில் வைத்தார்.

பீட்டர், ஜெயா, இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். நான் பத்தாவது பாஸ் என்று உங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். மார்க் குறைந்தபோதெல்லாம், அந்தக் காலத்திலேயே நான் எப்படிப் படித்தேன் தெரியுமா என்று உங்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அது பொய். அம்மாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை கிளம்பும்போது சேவலைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால் பாய் வீட்டில் கொடுத்தேன். பாயின் மனைவி அதை வாங்கிக்கொண்டு, அவரிடம் உருதுவில் சொன்னார், "மூஞ்சி இன்னைக்குத்தான் தொறந்த கடை மாதிரி இருக்கு." நான் படியில் இறங்கிக்கொண்டே, வியாபாரம் இனிமேல்தான் சூடு பிடிக்கும் அண்ணி என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் கையிலிருந்து சேவல் நழுவிப் பறந்து சைக்கிள் கடைக்குள் ஓடியது. அதைப் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஸ்டேஷனில் மாமா உங்களுக்கு ஒரு கேசட் கொடுத்தார். என்னிடம் மடித்த தாள் ஒன்றைத் தந்தார். தனித்தேர்வர் விண்ணப்பம். தேர்வு மையம் என்ற இடத்தில் திண்டுக்கல் என்று அவரே எழுதி வைத்திருந்தார்.

பீட்டர், உனக்குப் பரீட்சை மார்ச்சில். எனக்குச் செப்டம்பரில். ஜெயா, நாளைக்குச் சாயங்காலம் கடை சாத்தியதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எனக்கு அல்ஜீப்ராவை முதலிலிருந்து சொல்லிக் கொடு. புரியாத இடத்தில் கையைத் தூக்குவேன், கோபப்படாதே.